கூட்டணிக் கணக்கு, கடைமடைக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

பலமான ஆளும் கூட்டணி ஒன்றை எதிர்த்து நிற்க எதிர்க்கட்சிகள் எப்படிச் சேர வேண்டும், சேர்ந்தவை ஏன் பிரிகின்றன என்று கேட்டுத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்தும் கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம்.

எதிர்க்கட்சிகள் தனித்தனியாக வாங்கிய வாக்குச் சதவீதங்களைக் கூட்டினால் ஆளும் கூட்டணியைவிட அதிகம் வருகிறது. எல்லோரும் சேர்ந்து நின்றாலே போதும் என்று எங்கள் ஊர் டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு சரிதானா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பாதிக் கணக்கு சரி. அந்தப் பாதிக்கு எவ்வளவு வலு உண்டு என்பது 1962, 1967 ஆகிய இரண்டு சட்டமன்றத் தேர்தல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரியும். 1962இல் காங்கிரஸ் 46.14 சதவீத வாக்குகளைப் பெற்று, அப்போது மொத்தமிருந்த 206 இடங்களில் 139ஐப் பிடித்தது. 27.10 சதவீதம் பெற்ற தி.மு.க.வுக்கு 50 இடங்கள் கிடைத்தன. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காங்கிரஸுக்கு வாக்களிக்கவில்லை; ஆனால் அவர்களுடைய வாக்குகள் தி.மு.க., கம்யூனிஸ்ட், சுதந்திரா, சோஷலிஸ்ட், சுயேச்சை என்று பல திசைகளில் சிதறிப் போனதால் காங்கிரஸ் கவலையில்லாமல் ஆட்சியைத் தொடர்ந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து அண்ணா அந்தச் சிதறலை அடைத்தார். ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், இரண்டு சோஷலிஸ்ட் கட்சிகள், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் ஆகிய அனைத்தையும் ஒரே அணியில் நிறுத்தி, தி.மு.க. நூற்று எழுபத்துச் சொச்சம் தொகுதிகளில் மட்டும் போட்டியிட்டுவிட்டு மற்றவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு 41.10 சதவீதம். முந்தைய தேர்தலைவிட ஐந்து சதவீதம்தான் குறைவு. ஆனால் இடங்கள் 234இல் 51ஆகச் சுருங்கின. 40.69 சதவீதம் பெற்ற தி.மு.க. 137 இடங்களில் வென்றது. தனிக் கட்சியாகப் பார்த்தால் 1967இல் அதிக வாக்கு வாங்கியது தோற்ற காங்கிரஸ்தான் என்று இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். காமராஜரே விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்ற தேர்தல் அது.

இனி, டீக்கடைக் கணக்கு பொய்த்துப்போகும் மறுபாதிக்கு வருவோம். 1971இல், வாழ்நாளெல்லாம் எதிரெதிர் முகாம்களில் இருந்த காமராஜரும் ராஜாஜியும் தி.மு.க.வை எதிர்த்துக் கைகோத்தார்கள். காகிதத்தில் அது பெரிய அணி. காங்கிரஸ் பிளவுபட்ட பின் காமராஜர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ் ஏறக்குறைய 35 சதவீத வாக்குகளைப் பெற்றும் 15 இடங்களில்தான் வென்றது, தி.மு.க. 184 இடங்களைப் பெற்றது. 1980 இன்னும் தெளிவான பாடம். அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து 39 தொகுதிகளில் 37இல் வென்றன. எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டு மே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அதே இரண்டு கட்சிகள்தான் சேர்ந்து நின்றன, வாக்களித்தவர்களும் அதே மக்கள்தான். அ.தி.மு.க. 129 இடங்களோடு திரும்பி வந்தது. கூட்டணிக் கட்சிகள் இரண்டும் தொகுதிகளை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தன. டெல்லிக்கு ஒரு விதமாகவும் கோட்டைக்கு வேறு விதமாகவும் மக்கள் முடிவெடுத்தார்கள். நெல் மூட்டையென்றால் ஒரு லாரியிலிருந்து இன்னொரு லாரிக்கு மாற்றி அடுக்கிவிடலாம். வாக்கை அப்படி ஏற்றி இறக்க முடியாது.

கொள்கையில் எதிரும் புதிருமானவர்கள் ஒரு ஆட்சியை வீழ்த்துவதற்காக மட்டும் சேர்வதைச் சந்தர்ப்பவாதம் என்றுதானே சொல்ல வேண்டும்?
— ஒரு வாசகி, கீழ்வேளூர்

நீங்கள் எழுதியிருக்கும் ஊரின் பெயரைப் பார்த்ததும் இந்தக் கேள்விக்கு ஒப்புக்குப் பதில் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

கொள்கை வேறுபாடு உள்ளவர்கள் சேர்வதே தவறு என்று நான் கருதவில்லை. ஒரே கொள்கை உடையவர்கள் என்றால் அவர்கள் ஒரே கட்சியாக இருப்பார்கள். கூட்டணி என்ற சொல்லுக்கே தேவையிருக்காது. 1967இல் சேர்ந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் மறுப்பு இயக்கத்திலிருந்து வந்த அண்ணா, பக்திமானாகிய ராஜாஜி, நிலம் உழுபவனுக்கே என்ற மார்க்சிஸ்டுகள், அரசு எதிலும் தலையிடக் கூடாது என்ற சுதந்திராக் கட்சிக்காரர்கள். இவர்களை இணைத்த காரணங்கள் உண்மையானவை. 1965இன் மொழிப் போராட்டமும் அதை அடக்கிய முறையும் இளைஞர்களின் மனத்தில் ஆறாமல் இருந்தன. அரிசிப் பஞ்சம் வீட்டுக்கு வீடு தெரிந்தது. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற முழக்கம் நெல் விளைகிற நம் பகுதியிலேயே எடுபட்டது என்றால், விளைகிற ஊரில்கூட உலை கொதிக்கவில்லை என்று பொருள். இருபது ஆண்டுக் கால ஆட்சியை மாற்றுவதற்கு இவை போதுமான காரணங்கள். அதைச் சந்தர்ப்பவாதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் குறை வேறு. எதை எதிர்க்கிறோம் என்பதில் ஒன்றுபட்டவர்கள், வென்ற பிறகு எதைச் செய்வோம் என்பதில் எவ்வளவு தூரம் ஒன்றுபட்டார்கள்? கீழத் தஞ்சையில் அப்போது பற்றி எரிந்துகொண்டிருந்த கேள்வி விவசாயத் தொழிலாளரின் கூலி. மார்க்சிஸ்ட் கட்சியின் சங்கத்தில் திரண்டிருந்த தாழ்த்தப்பட்ட மக்கள் கூலியாக அளக்கும் நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்டார்கள். நிலவுடைமையாளர்கள் மறுத்து, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை செய்தார்கள். மார்க்சிஸ்டுகள் தோளோடு தோள் நின்று கொண்டுவந்த ஆட்சிதான் கோட்டையில் இருந்தது. ஆயினும் அந்தப் பூசலைத் தீர்க்கும் ஏற்பாடு எதுவும் உரிய நேரத்தில் வரவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வேளூரை ஒட்டிய கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது.

அந்தக் கொடுமைக்குப் பொறுப்பு தீ வைத்தவர்களுடையது. கூட்டணி வைத்தவர்கள் மீது அதைச் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் தேர்தலுக்கு முன்னால் அமர்ந்து பேசியபோது, ‘ஆட்சிக்கு வந்தால் கீழத் தஞ்சையின் கூலித் தகராறை முதல் ஆறு மாதத்தில் சட்டம் போட்டு முடிப்போம்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் அந்த நினைவிடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் என்னை விடுவதில்லை. கூட்டணியிலுள்ள மிக எளிய கட்சியின் மிக எளிய தொண்டனுக்கு அந்தக் கூட்டணி என்ன வாக்குக் கொடுத்தது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அடுத்த தேர்தலுக்குள் அந்த அணி உடைந்துபோனது. 1971இல் தி.மு.க.வோடு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது. தனியே நின்ற மார்க்சிஸ்டுகளுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை.

முப்பது ஆண்டுகளாக ஒரு பெரிய கட்சியில் கிளைச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் தொகுதி அடிக்கடி தோழமைக் கட்சிக்குப் போய்விடுகிறது. கொடி கட்டுவது நாங்கள், வேட்பாளர் அவர்கள். கூட்டணி தர்மம் என்று சொல்லி எங்களையே விட்டுக்கொடுக்கச் சொல்வது நியாயமா?
— ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி வட்டம்

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. அதைக் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மேடையிலிருந்து அடக்குகிறவர்கள் கூட்டணியின் அடித்தளத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள்.

ஒரு தேர்தலின்போது உங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். தொகுதி தங்களுக்குத்தான் என்று தி.மு.க. கிளையினர் நம்பி, பங்கீடு முடிவதற்கு முன்பே உதயசூரியனை வரைவதற்காகச் சுவரில் வெள்ளையடித்து, வட்டமும் போட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் மாலை செய்தி வந்தது: தொகுதி கம்யூனிஸ்டுகளுக்கு. அதற்கு அடுத்த நாள் காலையில் அதே சுவருக்கு முன்னால் அதே கிளைச் செயலாளர் நின்றிருந்தார். வட்டத்தின் மீது மறுபடி சுண்ணாம்பு அடித்துவிட்டு, ஓவியரிடம் கதிர் அரிவாளை வரையச் சொல்லிக்கொண்டிருந்தார். கதிர் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. தோழர் ஒருவரைச் சைக்கிளில் போய் அழைத்துவரச் சொன்னார்கள். வந்தவர் பாக்கெட்டிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்துச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார், ஓவியர் பார்த்துப் பார்த்து வரைந்தார். அதுவரை அந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே தெருவில் இருந்தும் நின்று பேசிக்கொள்ளாதவர்கள் என்று பிறகு சொன்னார்கள். அன்று மதியம் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து பொட்டலச் சோறு சாப்பிட்டதையும் பார்த்தேன்.

வாக்கு ‘டிரான்ஸ்ஃபர்’ ஆகிறதா, ஆகவில்லையா என்று தொலைக்காட்சியில் விவாதிக்கிறார்களே, அது நடக்கும் இடம் அந்தச் சுவர்தான். பல தேர்தல்களாக ஒரே சின்னத்தில் விரலை வைத்துப் பழகிய மூதாட்டியிடம் போய், ‘ஆத்தா, இந்தத் தடவை நம்ம சின்னம் இது’ என்று சொல்லி நம்ப வைக்க வேறு ஊர்க்காரர் வர முடியாது. நீங்கள்தான் போக வேண்டும். நீங்கள் மனம் வைக்காமல் வீட்டில் அமர்ந்துவிட்டால் அந்தப் பூத்தில் நூறு வாக்கு குறையும். மனம் கசந்து உள்ளடி வேலை பார்த்தால் இருநூறு குறையும். சில ஆயிரம் வாக்குகளில் முடிகிற தொகுதியில் இது தீர்ப்பையே மாற்றிவிடும்.

ஆகவே விட்டுக்கொடுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது முறையாகாது. விட்டுக்கொடுத்தவருக்குக் கட்சி என்ன செய்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சட்டமன்றத் தொகுதியை விட்டுக்கொடுத்த ஒன்றியத்துக்கு உள்ளாட்சித் தேர்தலில் முன்னுரிமை தருவது, வென்ற தோழமைக் கட்சி உறுப்பினர் உங்கள் கிளைக்கும் மாதம் ஒரு முறை வந்து மனு வாங்குவது போன்ற எளிய ஏற்பாடுகளை, வேட்பு மனுத் தாக்கலுக்கு முன்பே ஒன்றிய அளவில் பேசி முடித்துவிட வேண்டும். ஒரே தோழமைக் கட்சிக்கு ஒரே தொகுதியைத் தொடர்ந்து தருவதில் ஒரு நன்மையும் இருக்கிறது: இரண்டு கட்சித் தொண்டர்களும் பழகிவிடுகிறார்கள். 2021இல் உங்கள் திருத்துறைப்பூண்டியை இந்தியக் கம்யூனிஸ்டும், கீழ்வேளூரை மார்க்சிஸ்டும், நாகப்பட்டினத்தை விடுதலைச் சிறுத்தைகளும், மயிலாடுதுறையைக் காங்கிரஸும் வென்றன. இந்த நான்கு வெற்றிகளிலும் உங்களைப் போன்றவர்கள் அடித்த சுண்ணாம்பு இருக்கிறது.

பெரிய கட்சிகள் இரண்டும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஓர் அணி அமைத்தால் அது ஆளும் கட்சிக்குத்தானே உதவியாக முடிகிறது?
— ஒரு வாசகர், காட்டுமன்னார்கோவில்

2016ஐ நினைத்துத்தான் கேட்கிறீர்கள். அந்தத் தேர்தலில் ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் சேர்ந்து மக்கள் நலக் கூட்டணியை அமைத்தன, பிறகு தே.மு.தி.க.வும் தமிழ் மாநிலக் காங்கிரஸும் (த.மா.கா.) இணைந்தன. இந்த ஆறு கட்சிகளும் சேர்ந்து பெற்றது ஏறத்தாழ ஆறு சதவீதம். ஓரிடத்திலும் வெல்லவில்லை. அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. அணிக்கும் மாநில அளவில் இருந்த இடைவெளியோ ஏறத்தாழ ஒரு சதவீதம். உங்கள் தொகுதியில் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். ஒரு தெருவின் வாக்கு அது. இடதுசாரி உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத சட்டமன்றம் அமைந்தது, கூலி உயர்வும் குத்தகை உரிமையும் பேசிப் பேசியே அரசியல் வளர்ந்த இந்த டெல்டாவுக்கு நேர்ந்த இழப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனாலும் அந்த ஆறு சதவீதத்தையும் அப்படியே எடுத்துத் தி.மு.க. கணக்கில் சேர்த்துவிட முடியாது. இரண்டு பெரிய கட்சிகள் மீதும் சலித்துப்போய் மூன்றாவதைத் தேடியவர்கள் அவர்களில் கணிசமானோர். அந்த அணி குறைந்தபட்சச் செயல்திட்டம் எழுதியது. ஆட்சியில் எல்லோருக்கும் பங்கு என்று வெளிப்படையாகப் பேசியது. அவை நல்ல காரியங்கள். ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவரே வெற்றி பெறும் நம் தேர்தல் முறையில், ‘இவர்கள் வெல்வார்களா’ என்ற ஐயம் வந்துவிட்டால் அனுதாபம்கூட வேறு சின்னத்துக்குப் போய்விடுகிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த கடுமையான அனுபவம். ஆளும் அணியை எதிர்ப்பவர்களில் முதலிடத்தில் இருக்கும் கட்சியைத் தவிர்த்துவிட்டு அமைக்கும் அணி, எதிர்ப்பு வாக்கைத் திரட்டுவதற்குப் பதிலாகப் பிரித்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அதே வேளையில் அந்த முதலிடக் கட்சி மற்றவர்களை மதித்து நடத்தியிருந்தால் மூன்றாவது அணிக்கு அவசியம் வந்திருக்குமா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். ம.தி.மு.க.வும் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் 2019இல் தி.மு.க. அணிக்கு வந்தபோது 39இல் 38 தொகுதிகள் கிடைத்தன.

தேர்தல் கூட்டணியைச் சட்டப்படி எங்காவது பதிவு செய்கிறார்களா?
— ஒரு வாசகர், பாபநாசம்

இல்லை. தேர்தல் ஆணையம் அறிந்தது கட்சியையும் வேட்பாளரையும் சின்னத்தையும்தான். தேர்தலுக்கு முன்பு அமைந்த கூட்டணிக்கு ஒரே ஓரிடத்தில் மதிப்பு வருகிறது: யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காதபோது ஆளுநர் யாரை முதலில் அழைக்கலாம் என்ற வரிசையில், தேர்தலுக்கு முந்தைய கூட்டணியை முதலில் வைக்க வேண்டும் என்று மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் பரிந்துரைத்தது.

உங்கள் தொகுதியிலேயே இன்னொரு நுட்பத்தைக் காணலாம். 2021இல் பாபநாசத்தில் மனிதநேய மக்கள் கட்சித் தலைவர் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். பெரிய கட்சியின் சின்னத்தில் வென்றவரைச் சட்டம் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினராகவே எடுத்துக்கொள்கிறது. கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவு அவரையும் கட்டுப்படுத்தும். சிறிய கட்சிகள் வெற்றி வாய்ப்புக்காகக் கொடுக்கும் விலை இது.

கபிஸ்தலம் மூப்பனார் ஐயா 1996இல் செய்ததைப் போல, ஆளும் அணிக்குள் இருந்தே ஒருவர் வெளியேறி எதிரணியை வெல்ல வைப்பது இனிச் சாத்தியமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

1996இல் அ.தி.மு.க. ஆட்சி மீது மக்களுக்கு இருந்த கோபம் வீதியில் தெரிந்தது. ஆனால் மத்தியில் ஆண்ட நரசிம்ம ராவின் காங்கிரஸ் தலைமை அதே அ.தி.மு.க.வோடு மறுபடி கூட்டணி என்று முடிவெடுத்தது. தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் மூப்பனார் பெரும்பாலான தமிழகக் காங்கிரஸாரோடு வெளியேறித் தமிழ் மாநிலக் காங்கிரஸைத் தொடங்கி, சைக்கிள் சின்னத்தில் தி.மு.க.வுடன் சேர்ந்து நின்றார். தி.மு.க.வுக்கு 173, த.மா.கா.வுக்கு 39, இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 8 இடங்கள். அ.தி.மு.க.வுக்கு நான்கு இடங்கள்தான். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். நாடாளுமன்றத்தின் 39 தொகுதிகளும் இந்த அணிக்கே வந்தன, அவற்றில் 20 த.மா.கா.வுடையவை.

புதுக் கட்சி, புதுச் சின்னம். பிரசாரத்துக்குக் கிடைத்ததோ சில வாரங்கள். ஆயினும் வாக்கு முழுமையாக மாறியது. மேலிடத்துக்குக் கட்டுப்படுவதைவிடத் தன் தொண்டர்களின் மனத்தைப் படிப்பது முக்கியம் என்று மூப்பனார் நினைத்ததே அதற்குக் காரணம். ஊர்க் காங்கிரஸ்காரர் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு அவர் ஒரு கட்சியைக் கொடுத்தார். அதனால்தான் 2001இல் அதே த.மா.கா., எந்தக் கட்சியை எதிர்த்துப் பிறந்ததோ அதே அ.தி.மு.க.வுடன் சேர்ந்தபோது என்னைப் போன்றவர்களுக்கு வருத்தமாக இருந்தது. அந்த அணி வென்றது, ஆனால் ப. சிதம்பரம் உள்ளிட்ட ஒரு பகுதியினர் விலகினார்கள், 2002இல் கட்சியே காங்கிரஸில் இணைந்துவிட்டது. இனியும் சாத்தியமா என்றால், ஆளும் அணியிலுள்ள ஒரு கட்சியின் கீழ்மட்டம் மேல்மட்டத்தைவிட்டு மனத்தளவில் விலகியிருந்தால் சாத்தியம்.

மத்தியில் ‘இந்தியா’ கூட்டணி அமைத்தும் ஆட்சியைப் பிடிக்க முடியவில்லையே, அது தோல்விதானே?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

ஆட்சி கிடைக்கவில்லை என்பது உண்மை. 2023 ஜூனில் பாட்னாவில் கூடி, ஜூலையில் பெங்களூரில் பெயர் சூட்டிக்கொண்ட அந்த அணி 2024இல் 234 இடங்களைப் பெற்றது. தேசிய ஜனநாயகக் கூட்டணி 293 இடங்களோடு ஆட்சியைத் தொடர்ந்தது. ஆனால் 2019இல் 303 இடங்களோடு தனிப் பெரும்பான்மையாக இருந்த பா.ஜ.க. 240க்கு இறங்கி, தோழமைக் கட்சிகளின் தயவில் ஆள வேண்டிய நிலைக்கு வந்ததும் அந்தத் தேர்தலில்தான்.

எங்கே கூட்டணி முழுமையாக இருந்தது என்று பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதியும் காங்கிரஸும் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டு 80இல் 43ஐ வென்றன. தமிழ்நாட்டில் 39ம் கிடைத்தன. உங்கள் மயிலாடுதுறையைக் காங்கிரஸும், பக்கத்து நாகையை இந்தியக் கம்யூனிஸ்டும், தஞ்சையைத் தி.மு.க.வும் பெற்றன. மற்ற இடங்களில் நிலைமை வேறு. கேரளத்தில் காங்கிரஸும் இடதுசாரிகளும் ஒருவரையொருவர் எதிர்த்தார்கள், மேற்கு வங்கத்தில் திரிணமூல் தனியே நின்றது, பஞ்சாபில் ஆம் ஆத்மி தனியே நின்றது. அணி அமைக்க முதலில் ஓடியாடிய நிதிஷ் குமார் 2024 ஜனவரியில் எதிரணிக்கே போய்விட்டார். மாநிலங்களில் ஒருவருக்கொருவர் முதல் எதிரியாக இருப்பவர்களை டெல்லிக்காக மட்டும் சேர்ப்பது மிகக் கடினம். அதற்கு 1977இன் ஜனதாவும் சாட்சி: நெருக்கடி நிலையை எதிர்த்துச் சிறையில் ஒன்றாக இருந்தவர்கள் ஒரே கட்சியாகவே இணைந்து 295 இடங்களைப் பெற்றும், 1979 ஜூலையில் அந்த ஆட்சி கவிழ்ந்தது.

நாங்கள் கடைமடை விவசாயிகள். ஆளும் கூட்டணி வந்தாலும் எதிர்க்கட்சிக் கூட்டணி வந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வருகிறது. இந்தக் கூட்டணிகளிடம் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?
— ஒரு வாசகி, தலைஞாயிறு

எழுத்தில் கேளுங்கள் அம்மா. வாய்ச் சொல்லாகக் கேட்டவை போதும்.

எதிர்க்கட்சிகளின் ஒற்றுமை நமக்குப் பயன்பட்ட ஒரு தருணத்தைச் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்து, அதைச் செயல்படுத்தும் அமைப்பை உருவாக்க ஆறு வாரக் கெடு விதித்தது. கெடு முடிந்தும் மத்திய அரசு அசையவில்லை. ஏப்ரல் 5ஆம் நாள் எதிர்க்கட்சிகள் சேர்ந்து முழு அடைப்பை நடத்தின. 7ஆம் நாள் முக்கொம்பிலிருந்து காவிரி உரிமை மீட்புப் பயணம் புறப்பட்டது. தி.மு.க., காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் ஆகியோரின் கொடிகள் சித்திரை வெயில் தொடங்கும் முன்பே டெல்டா சாலைகளில் ஒன்றாக நடந்தன. ஜூன் மாதத்தில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. தேர்தலுக்கு ஓராண்டு இருக்கும்போது, எந்தத் தொகுதி யாருக்கு என்ற பேச்சே எழாத நேரத்தில், ஒரு காரணத்துக்காகச் சேர்ந்து நடந்தவர்கள் அவர்கள். 2019இல் அந்த அணி உறுதியாக நின்றதற்கு முக்கொம்பும் ஒரு காரணம் என்பது என் திடமான எண்ணம். அதேபோல, மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது அன்றைய அ.தி.மு.க. அரசு. மக்கள் நெருக்கினால் ஆளும் கட்சியும் செய்யும் என்பதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் ஊர்க் கோரிக்கைகளைச் சொற்பமாகவும் துல்லியமாகவும் வையுங்கள். மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே தூர்வாரும் பணி கடைமடையிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு வாய்க்காலில் பொக்லைன் இறங்குவதை நீங்கள் எத்தனை ஆண்டுகள் பார்த்திருக்கிறீர்கள்! முறைப்பாசன அட்டவணை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அறுவடை மழையில் நனைந்த நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்துவதற்கு ஒவ்வொரு முறையும் டெல்லியிலிருந்து குழு வந்து பார்க்கும் வரை, கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைவிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அதிகாரத்தை மாநில அளவிலேயே தர வேண்டும். இதில் மூன்றாவது கோரிக்கை மத்திய அரசைச் சார்ந்தது என்பதால், மாநிலத்தில் வாக்குக் கேட்கும் கட்சி மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது. அதன் டெல்லித் தோழர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி, உங்கள் பாசனச் சங்கத்தின் பெயரால் எல்லா அணிகளின் வேட்பாளர்களிடமும் கொடுங்கள். ‘எங்கள் தலைவர் கவனத்துக்குக் கொண்டு செல்கிறேன்’ என்று வேட்பாளர் சொன்னால், அந்தத் தாளின் அடியில் அவருடைய கூட்டணியிலுள்ள ஒவ்வொரு கட்சியின் மாவட்டச் செயலாளரும் கையெழுத்திட ஓர் இடம் விட்டிருப்பதைக் காட்டி, எப்போது வாங்கித் தருவீர்கள் என்று தேதி கேளுங்கள்.